கருப்புத் திரை என்ன சொல்கிறது?



லேபில் லினக்ஸ் கணினியின் முன்னால் உட்காரும்போது நம்மில் பலருக்கு எந்த நேரத்தில் கை நடுங்குகிறது என்று யோசித்துப் பாருங்கள். புரோகிராம் எழுதி முடித்து எண்டர் கீயைத் தட்டியதும், கருப்புத் திரையில் இங்கிலீஷில் இரண்டு வரி வந்து நிற்கிறதே, அப்போதுதான். அந்த விண்டோவையே மூடிவிடுபவர்கள் உண்டு. அதே கட்டளையைப் பத்து முறை திரும்பத் திரும்ப அடிப்பவர்கள் உண்டு. பக்கத்து சீட்டு நண்பனின் ஃபைலைப் பென் டிரைவில் வாங்கி ரெக்கார்டு நோட்டை முடித்துவிடுபவர்களும் உண்டு. “எரர் வந்துடுச்சி சார்” என்கிறோம். “என்ன எரர்?” என்று சார் கேட்டால், “தெரியல சார், ஏதோ வந்துச்சி” என்கிறோம். அந்த ‘ஏதோ’ என்ன என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் சத்துவாச்சாரியிலிருந்து வருகிறேன். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறியது நான்தான் முதல். அப்பா தோல் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். அம்மா வீட்டிலிருந்தபடியே ஷூவுக்கு அப்பர் தைக்கிறார். பாடத்தில் சந்தேகம் வந்தால் வீட்டில் கேட்க ஆள் கிடையாது. சாயங்காலம் லேபைப் பூட்டிய பிறகு சாரையும் கேட்க முடியாது. அந்த நேரத்தில் நமக்குப் பதில் சொல்ல மிச்சம் இருப்பது திரை ஒன்றுதான். அது சொல்வதைப் படிக்கத் தெரிந்துகொண்டால், கேட்க ஆள் இல்லாத குறை பாதி தீர்ந்துவிடும். என்னைப் போல முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவர்களுக்காகவே இதை முக்கியமாக எழுதுகிறேன்.

ஒரு குறிப்பு: கட்டளைகளையும் செய்திகளையும் இங்கே உச்சரிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். கீபோர்டில் அவற்றை ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடிக்க வேண்டும். பெரிய எழுத்து தேவைப்படும் இடத்தில் சொல்லியிருக்கிறேன்.

லினக்ஸ் வந்த வழி

1969-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸைத் தொடங்கினார்கள். 1983-ல் ரிச்சர்ட் ஸ்டால்மன், எவரும் படித்துப் பார்க்கவும் திருத்தவும் பகிரவும் கூடிய ‘குனு’ திட்டத்தை அறிவித்தார். 1991 ஆகஸ்டில் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், தான் எழுதிக்கொண்டிருந்த கெர்னலைப் பற்றி உலகுக்குச் சொன்னார். அப்போது அவருக்கு வயது 21. நம்மைவிட மூன்று வயதுதான் பெரியவர்! அந்தக் கெர்னலும் குனு கருவிகளும் சேர்ந்ததுதான் நாம் லேபில் பார்க்கும் லினக்ஸ்.

1993-ல் பிறந்த டெபியன் என்ற லினக்ஸை அடிப்படையாக வைத்து, நம் சென்னையில் உள்ள சி-டாக் மையம் ‘பாஸ்’ என்ற இந்திய லினக்ஸை 2007-ல் வெளியிட்டது. 2011-ல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு இந்த பாஸ் லினக்ஸும் ஏற்றித் தரப்பட்டது. எதிர்வீட்டு அக்கா வாங்கிய அப்படிப்பட்ட மடிக்கணினியில்தான் நான் முதன்முதலில் இந்தக் கருப்புத் திரையைப் பார்த்தேன்.

பிழைச் செய்திகள் ஏன் இவ்வளவு சுருக்கமாக இருக்கின்றன? இதற்கும் ஒரு காரணம் உண்டு. யூனிக்ஸ் பிறந்தபோது இப்போதுள்ள மாதிரி திரை கிடையாது. டெலிடைப் என்ற தட்டச்சு எந்திரம் காகிதச் சுருளில் அடிக்கும். அந்நாளில் பரவலாக இருந்த டெலிடைப் 33 மாடலின் வேகம் விநாடிக்கு 10 எழுத்துதான். நீளமாகப் பேசினால் காத்திருக்க வேண்டும். அதனால்தான் கட்டளைகள் எல்எஸ், சிபி, எம்வி என்று இரண்டே எழுத்தில் இருக்கின்றன. செய்திகளும் நறுக்கென்று இருக்கின்றன. வேலை நல்லபடியாக முடிந்தால் ஒன்றுமே சொல்லாமல் அடுத்த வரிக்கு வந்துவிடுவதும் அன்று வந்த பழக்கம்தான். கோபமாகப் பேசுவதுபோல நமக்குத் தோன்றுவது உண்மையில் சிக்கனம்!

செய்திக்குள் மூன்று துண்டு

கூலி என்ற பெயரில் ஒரு புரோகிராம் வைத்திருக்கிறோம். ஓட்டும்போது இப்படி வருகிறது:

பாஷ்: ./கூலி: பெர்மிஷன் டினைட்

இதில் வரும் முக்காற்புள்ளிகளைச் சுவர்களாக நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு சுவர் இருப்பதால் மூன்று அறை. முதல் அறையில் பேசுபவர் யார் என்று இருக்கும். இங்கே பேசுபவர் பாஷ். அதாவது நாம் அடிப்பதை வாங்கி வேலையை ஏவும் ஷெல். நடு அறையில் எதைப் பற்றிப் பேச்சு என்று இருக்கும். இங்கே கூலி என்ற ஃபைல். கடைசி அறையில் காரணம் இருக்கும். இங்கே ‘அனுமதி இல்லை’. எவ்வளவு நீளமான செய்தியாக இருந்தாலும் கடைசி அறையை முதலில் படியுங்கள். பிறகு நடு அறை, பிறகு முதல் அறை.

முதல் அறை ஏன் முக்கியம் என்பதற்கு எங்கள் ஊர்த் தொழிலிலேயே உதாரணம் இருக்கிறது. ஒரு தோலில் குறை தெரிந்தால் அப்பா உடனே டிரம்மைப் பழி சொல்லமாட்டார். திருப்பிப் பார்ப்பார். கத்தி பட்ட வெட்டு இருந்தால் அது தோல் உரித்த இடத்திலேயே வந்தது. உப்புக் கறை இருந்தால் உப்புப் போட்டு வைத்திருந்தபோது வந்தது. சொரசொரவென்று வெள்ளைப் படிவம் இருந்தால், சுண்ணாம்பிலிருந்து எடுத்த பிறகு காற்றுப்பட விட்டுவிட்டார்கள் என்று அர்த்தம். குறையின் முகத்தைப் பார்த்தே எந்தக் கட்டத்தில் வந்தது என்று சொல்லிவிடுவார்.

நம் புரோகிராமுக்கும் கட்டங்கள் உண்டு. நாம் எழுதிய சி மொழி வரிகளைக் கம்பைலர் படிக்கிறது. லிங்கர் துண்டுகளை இணைக்கிறது. ஷெல் அந்தப் புரோகிராமைத் தேடி எடுக்கிறது. கெர்னல் அதை மெமரியில் ஏற்றி ஓட வைக்கிறது. செய்தி சொல்வது இவர்களில் யார் என்று தெரிந்தால், தப்பு எந்தக் கட்டத்தில் என்று தெரிந்துவிடும். ஷெல் சொன்ன குறைக்கு சி வரிகளைக் கிளறுவது வீண் வேலை.

இனி நாம் அடிக்கடி சந்திக்கும் செய்திகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. கமாண்ட் நாட் ஃபவுண்ட்

‘இப்படி ஒரு கட்டளை எனக்குக் கிடைக்கவில்லை’ என்று ஷெல் சொல்கிறது. பெரும்பாலும் எழுத்துப் பிழைதான். லினக்ஸில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு என்பதை மறக்கக் கூடாது.

எழுத்து சரியாக இருந்தால், ஷெல் எங்கே தேடுகிறது என்று பார்க்க வேண்டும். அது கணினி முழுவதும் தேடுவதில்லை. ‘பாத்’ என்ற பட்டியலில் உள்ள ஃபோல்டர்களில் மட்டும் வரிசையாகத் தேடும். ‘எக்கோ $பாத்’ என்று அடித்தால் (பாத் மட்டும் பெரிய எழுத்தில்) அந்தப் பட்டியல் வரும். நாம் நின்றுகொண்டிருக்கும் ஃபோல்டர் வழக்கமாக அதில் இருக்காது. அதனால்தான் கண்ணெதிரே இருக்கும் நம் புரோகிராமின் பெயரை வெறுமனே அடித்தால் கிடைக்கவில்லை என்கிறது. ./ என்று முன்னால் சேர்த்தால் ‘இதோ இந்த ஃபோல்டரில் இருப்பதை ஓட்டு’ என்று பொருள்.

இது வேண்டுமென்றே செய்த ஏற்பாடு. பலர் பயன்படுத்தும் ஃபோல்டரில் யாராவது விஷமத்துக்கு எல்எஸ் என்ற பெயரில் ஒரு கெட்ட புரோகிராமை வைத்துவிட்டால், நாம் தெரியாமல் அதை ஓட்டிவிடக் கூடாது அல்லவா?

இன்னொன்று: டெபியன், உபுண்டு ஆகியவற்றின் புதிய பதிப்புகளில் ‘பைத்தான்’ என்று அடித்தால் பல கணினிகளில் இந்தச் செய்தி வரும். ‘பைத்தான்3’ என்று அடித்தால் ஓடும். சாஃப்ட்வேர் காணாமல் போகவில்லை, பெயர்தான் வேறு.

2. நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி

‘நீ சொன்ன முகவரியில் அப்படி ஒரு ஃபைலோ ஃபோல்டரோ இல்லை’ என்பது இதன் பொருள். ‘ஃபைல் அழிந்துவிட்டது’ என்று இதற்கு அர்த்தம் கிடையாது. இந்த வித்தியாசம் முக்கியம்.

ஆம்பூரை எடுத்துக்கொள்ளுங்கள். 2019 நவம்பர் வரை அதன் முகவரி /தமிழ்நாடு/வேலூர்/ஆம்பூர் என்று இருந்தது. அந்த மாதம் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்து ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று புது மாவட்டங்கள் வந்தன. இப்போது அது /தமிழ்நாடு/திருப்பத்தூர்/ஆம்பூர். ஊர் இருந்த இடத்திலேயே இருக்கிறது. பழைய முகவரியில் தேடினால் கணினி ‘இல்லை’ என்றுதான் சொல்லும். தபால்காரர் அனுசரித்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார். கணினிக்கு அந்த அனுசரணை கிடையாது.

ஆகவே முதலில் ‘பிடபிள்யூடி’ அடித்து நாம் எந்த ஃபோல்டரில் நிற்கிறோம் என்று பாருங்கள். பிறகு ‘எல்எஸ்’ அடித்து அங்கே என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள். பாதிப் பெயரை அடித்து டேப் கீயைத் தட்டினால் மீதியைக் கணினியே நிரப்பும். நிரப்பவில்லை என்றால், பெரும்பாலும் அந்தப் பெயர் அங்கே இல்லை, அல்லது அதே மாதிரி தொடங்கும் பெயர்கள் இரண்டு மூன்று இருக்கின்றன. ஃபைல் பெயரின் நடுவில் இடைவெளி இருந்தால் பெயரை மேற்கோள் குறிக்குள் போட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு பெயரை இரண்டு பெயராக எடுத்துக்கொள்ளும்.

இதில் தலை சுற்ற வைக்கும் ஒரு வகையும் உண்டு. ஷெல் ஸ்கிரிப்ட் கண்ணெதிரே இருக்கும். எல்எஸ்-ல் பெயரும் வரும். ஓட்டினால் ‘பேட் இன்டர்பிரெட்டர்’ என்று சொல்லி, கூடவே ‘நோ சச் ஃபைல்’ என்றும் சொல்லும். விண்டோஸ் கணினியில் டைப் செய்து பென் டிரைவில் கொண்டுவந்த ஃபைலாக இருந்தால் காரணம் இதுதான்: விண்டோஸ் ஒவ்வொரு வரி முடிவிலும் இரண்டு மறைவான குறிகளைப் போடும், லினக்ஸ் ஒன்றுதான் போடும். அந்தக் கூடுதல் குறி முதல் வரியில் உள்ள பெயரோடு ஒட்டிக்கொள்வதால், இல்லாத ஒரு புரோகிராமைத் தேடுகிறது. செய்தியில் ^ குறியும் பெரிய எம் எழுத்தும் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். பாஷின் புதிய பதிப்புகளில் ‘ரிக்வயர்டு ஃபைல் நாட் ஃபவுண்ட்’ என்று வரும், விஷயம் அதேதான். ‘டாஸ்2யூனிக்ஸ்’ என்ற கட்டளை அந்தக் குறிகளை நீக்கிவிடும்.

3. பெர்மிஷன் டினைட்

ஃபைல் இருக்கிறது, ஆனால் நமக்கு அனுமதி இல்லை. லினக்ஸில் ஒவ்வொரு ஃபைலுக்கும் மூன்று அனுமதிகள் உண்டு: படிக்க ஆர், எழுத டபிள்யூ, ஓட்ட எக்ஸ். இவை உரிமையாளர், குழு, மற்றவர்கள் என்று மூன்று தரப்புக்கும் தனித்தனியாக இருக்கும். ‘எல்எஸ் -எல்’ என்று அடித்தால் ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் இவை தெரியும். எக்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடு இருந்தால் ஓட்ட அனுமதி இல்லை. நம் சொந்த ஃபைல் என்றால் ‘சிஎச்மாட் யு+எக்ஸ்’ என்று அடித்துப் பிறகு ஃபைல் பெயரைக் கொடுத்தால் போதும்.

சில நேரம் சிஎச்மாட் அடித்தும் மாறவே மாறாது. பென் டிரைவுக்குள்ளேயே வைத்து ஓட்டுகிறோமா என்று பாருங்கள். பெரும்பாலான பென் டிரைவ்கள் ஃபேட் என்ற முறையில் இருக்கும். அதில் இந்த மூன்று அனுமதிகளையும் எழுதி வைக்க இடமே கிடையாது. ஃபைலை நம் ஹோம் ஃபோல்டருக்குக் காப்பி செய்து, அங்கிருந்து ஓட்டினால் சரியாகும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. அனுமதி இல்லை என்றதும் ‘சூடோ’ போடு, அல்லது ‘சிஎச்மாட் 777’ போடு என்று யோசனை சொல்லும் நண்பர்கள் எல்லா வகுப்பிலும் இருக்கிறார்கள். சூடோ என்பது கணினியின் முழு அதிகாரத்தையும் கையில் எடுத்துக்கொள்வது. 777 என்பது வீட்டுச் சாவியைத் தெருவில் எல்லோருக்கும் கொடுப்பது. சாஃப்ட்வேர் நிறுவும்போது சூடோ தேவைதான். நம் சொந்த சி புரோகிராமை ஓட்ட அது தேவையே இல்லை. தேவைப்படுவதுபோலத் தெரிந்தால் வேறு ஏதோ தப்பு இருக்கிறது. (சூடோ பாஸ்வேர்டு கேட்கும்போது நாம் அடிப்பது திரையில் தெரியாது. கீபோர்டு கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். அடித்துவிட்டு எண்டர் தட்டுங்கள்.)

4. கம்பைலரும் லிங்கரும் சொல்பவை

ஜிசிசி கம்பைலரின் செய்தி ‘கூலி.சி:14:5: எரர்’ என்று தொடங்கும். 14-ஆவது வரி, 5-ஆவது எழுத்து என்று முகவரியே கொடுக்கிறது. பிழை சில நேரம் அதற்கு முந்தைய வரியில் இருக்கும். 13-ஆவது வரியில் அரைப்புள்ளியை விட்டுவிட்டால், அடுத்ததைப் படிக்கும்போதுதானே அதற்குத் தெரியும்? இருபது எரர் வந்தால் மிரள வேண்டாம். மேலே போய் முதல் எரரை மட்டும் திருத்தி மறுபடி கம்பைல் செய்யுங்கள். ஒரு அடைப்புக்குறி விட்டுப்போனதால் பின்னால் வந்த பத்து எரர்கள் தானே மறைந்துவிடும்.

நம் பாலிடெக்னிக் மாணவர்களுக்கென்றே ஒரு தனிப் பிழை உண்டு! பழைய புத்தகங்களிலும் சீனியர்களின் ரெக்கார்டுகளிலும் இருப்பது டர்போ சி புரோகிராம்கள். அவை கோனியோ.எச் என்று தொடங்கி, கிளியர்ஸ்கிரீனுக்கு ‘சிஎல்ஆர்எஸ்சிஆர்’ கூப்பிட்டு, ‘கெட்ச்’ என்று முடியும். இவை அந்நாளைய டாஸ் கணினிக்கு உரியவை. சி மொழியின் பொதுத் தரத்தில் சேர்ந்தவை அல்ல. லினக்ஸில் அதே புரோகிராமைப் போட்டால் ‘கோனியோ.எச்: நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி’ என்று வரும். பல புரோகிராம்களில் அந்த மூன்று வரிகளையும் எடுத்துவிட்டால் மீதி அப்படியே ஓடும். “லினக்ஸ்ல சி ஓடாதுடா” என்று சொல்லும் நண்பர்களிடம் இதைக் காட்டுங்கள்.

‘அன்டிஃபைன்டு ரெஃபரன்ஸ் டு’ என்று வந்தால் பேசுவது லிங்கர். எழுதியதில் இலக்கணப் பிழை இல்லை, நாம் கூப்பிட்ட ஃபங்ஷன் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை என்கிறது. வர்க்கமூலம் கண்டுபிடிக்கும் ஃபங்ஷனைக் கூப்பிடும்போது இது வரும். கணித நூலகத்தை இணைக்கச் சொல்லிக் கட்டளையின் கடைசியில் ‘-எல்எம்’ சேர்க்க வேண்டும்.

5. ஓடிக்கொண்டே விழுவது

‘செக்மென்டேஷன் ஃபால்ட்’ என்றால், நம் புரோகிராம் தனக்குச் சொந்தமில்லாத மெமரியில் கை வைத்தது, கெர்னல் அதை நிறுத்திவிட்டது என்று பொருள். கணினிக்கு எந்தச் சேதமும் இல்லை. சி புரோகிராமில் இதற்கு முதல் சந்தேகம் ஸ்கேன்எஃப்-தான். மாறியின் பெயருக்கு முன்னால் & குறியை விட்டுவிட்டால், அதன் முகவரிக்குப் பதில் உள்ளே கிடக்கும் ஏதோ ஒரு எண்ணையே முகவரி என்று நினைத்து அங்கே எழுதப் போகும். கம்பைல் செய்யும்போதே ‘-வால்’ என்ற ஆப்ஷனைச் சேர்த்தால் (முதல் எழுத்து மட்டும் பெரியது), ஜிசிசி இதை முன்கூட்டியே வார்னிங்காகச் சொல்லிவிடும். வார்னிங் வந்தாலும் புரோகிராம் ஓடும் என்பதால் அதை அலட்சியம் செய்கிறோம். அதையும் படிக்க வேண்டும்.

‘ஃப்ளோட்டிங் பாயின்ட் எக்ஸெப்ஷன்’ என்று வந்தால் பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். தசம எண்ணே இல்லாத புரோகிராமிலும் இது வரும். முழு எண்ணை பூஜ்யத்தால் வகுத்தால் நம் கணினிகளில் இந்தச் செய்திதான் வரும். எங்கே வகுக்கிறோம் என்று தேடினால் போதும்.

புரோகிராம் முடியாமல் ஓடிக்கொண்டே இருந்தால் கன்ட்ரோல்-சி அடித்து நிறுத்துங்கள். தெரியாமல் கன்ட்ரோல்-எஸ் பட்டுத் திரை உறைந்துவிட்டால் கன்ட்ரோல்-க்யூ அடித்தால் மீண்டுவிடும்.

எண்ணாகவும் சொல்லும்

ஒவ்வொரு கட்டளையும் முடியும்போது ஒரு எண்ணை விட்டுச் செல்கிறது. ‘எக்கோ $?’ என்று அடித்தால் அது தெரியும். அடுத்த கட்டளையை அடிப்பதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

0 – நல்லபடி முடிந்தது.
126 – கிடைத்தது, ஆனால் ஓட்ட முடியவில்லை.
127 – கட்டளையே கிடைக்கவில்லை.
130 – கன்ட்ரோல்-சி அடித்து நிறுத்தப்பட்டது.
136 – முழு எண்ணை பூஜ்யத்தால் வகுத்தது போன்ற கணக்குப் பிழை.
139 – செக்மென்டேஷன் ஃபால்ட்.

128-க்கு மேல் வந்தால் அதிலிருந்து 128-ஐக் கழித்துப் பாருங்கள். வருவது கெர்னல் அனுப்பிய சிக்னலின் எண். 139-ல் 128 போனால் 11. அதுதான் செக்மென்டேஷன் ஃபால்ட்டின் சிக்னல்.

செய்தியே வராத பிழை

இதுவரை சொன்னவை எல்லாம் நமக்கு உதவி செய்யும் பிழைகள். உண்மையில் பயப்பட வேண்டியது ஒன்றும் சொல்லாத பிழைக்குத்தான்.

நண்பன் ஒருவன், அப்பர் தைப்பவர்களின் கூலியைக் கணக்கிட ஒரு சி புரோகிராம் எழுதி எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தான். ஜோடிகளின் எண்ணிக்கையைக் கொடுத்தால், அதை 12-ஆல் வகுத்து டஜனாக்கி, டஜன் கூலியால் பெருக்கும். எல்லாம் முழு எண்கள். மாதிரிக்கு டஜன் கூலி 96 ரூபாய் என்று வைத்து, 30 ஜோடி என்று கொடுத்தான். எரர் இல்லை. வார்னிங் இல்லை. $? கேட்டால் 0. விடை 192 ரூபாய் என்று வந்தது.

தைத்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்த அம்மா கேட்டார்: “இன்னாப்பா இது, முப்பது ஜோடின்னா ரெண்டரை டஜன் ஆச்சே. ரெண்டு டஜனுக்குத்தான் காசு சொல்லுது. அந்த ஆறு ஜோடி எங்க போச்சி?”

எங்கும் போகவில்லை. சி மொழியில் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் மீதி கழிந்துவிடும். 30-ஐ 12-ஆல் வகுத்தால் இரண்டரை வராது, 2 தான் வரும். வர வேண்டியது 240 ரூபாய். 48 ரூபாய் சத்தமில்லாமல் காணாமல் போய்விட்டது. முதலில் பெருக்கிவிட்டுப் பிறகு 12-ஆல் வகுத்தால் இந்தக் கணக்கு சரியாக வரும். எல்லா எண்ணுக்கும் சரியாக வர வேண்டுமானால் ரூபாயைப் பைசாவாக மாற்றிக் கணக்கிட்டு, கடைசியில் மீதியை என்ன செய்வது என்று நாமே முடிவு செய்து எழுத வேண்டும்.

கம்பைலர், லிங்கர், ஷெல், கெர்னல் நால்வரும் இந்தப் புரோகிராமில் குறை சொல்லவில்லை. அவர்களைப் பொறுத்தவரை நாம் சொன்னதைச் சரியாகத்தான் செய்தார்கள். ஆறு ஜோடி தைக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று தெரிந்தவர்தான் கண்டுபிடித்தார். நாளைக்கு நாம் வேலைக்குப் போய் எழுதும் கணக்கு இப்படி எத்தனையோ வீட்டுக் கூலியைத் தொடும். ஆகவே எரர் வரவில்லை என்பதோடு வேலை முடிந்தது என்று எழுந்துவிடக் கூடாது. விடை தெரிந்த ஒரு கணக்கைக் கொடுத்துச் சரிபார்க்க வேண்டும். முடிந்தால் அந்தத் தொழில் தெரிந்தவரிடமும் ஒருமுறை காட்ட வேண்டும்.

பழக்கிக்கொள்ள வேண்டியவை

1. செய்தி வந்ததும் கையைக் கீபோர்டிலிருந்து எடுத்துவிட்டு, முழுவதையும் ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள்.

2. பேசுவது யார், எதைப் பற்றி, காரணம் என்ன என்று மூன்றையும் பிரியுங்கள்.

3. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி ஓட்டிப் பாருங்கள். மூன்றை மாற்றினால் எது சரி செய்தது என்றே தெரியாது.

4. தனி நோட்டு ஒன்று போடுங்கள். இடது பக்கம் வந்த செய்தி, வலது பக்கம் தமிழில் அர்த்தமும் தீர்ந்த விதமும். என் நோட்டில் இப்போது நாற்பது பக்கம் தாண்டிவிட்டது.

5. ‘மேன்’ என்று அடித்துக் கட்டளையின் பெயரைக் கொடுத்தால் விளக்கம் கணினியிலேயே வரும், இன்டர்நெட் வேண்டாம். தமிழில் படிக்க விரும்புபவர்களுக்கு 2012 முதல் வெளிவந்த கணியம் மின்னிதழும் அவர்களின் இலவச நூல்களும் இருக்கின்றன.

6. சாரிடமோ சீனியரிடமோ கேட்கும்போது ‘ஏதோ வந்துச்சி’ என்று சொல்லாமல், என்ன அடித்தீர்கள், என்ன வந்தது என்று எழுத்து மாறாமல் சொல்லுங்கள். கேள்வியை இப்படித் தயார் செய்யும்போதே பாதி நேரம் விடை கிடைத்துவிடும்.

முடிவாக, இங்கிலீஷ் பயம் பற்றி ஒரு வார்த்தை. தமிழ் மீடியத்தில் படித்து வந்த நமக்கு அந்த இரண்டு வரியைப் பார்த்ததும் பரீட்சைத் தாள் ஞாபகம் வருகிறது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். என் நோட்டை எண்ணிப் பார்த்தேன். நாட் ஃபவுண்ட் என்றால் கிடைக்கவில்லை, டினைட் என்றால் மறுக்கப்பட்டது, எக்ஸ்பெக்டட் என்றால் எதிர்பார்த்தது, அன்டிக்ளேர்டு என்றால் அறிவிக்கப்படாதது, மிஸ்ஸிங் என்றால் விட்டுப்போனது, இன்வேலிட் என்றால் செல்லாதது. இப்படி முப்பது சொல்லுக்குள் பெரும்பாலான செய்திகள் அடங்கிவிடுகின்றன. முப்பது சொல்லை ஒரு வாரத்தில் படித்துவிடலாம். நம் வீட்டில் யாருக்கும் இது தெரியாது என்பது உண்மைதான். ஆனால் அடுத்த வருஷம் முதலாம் ஆண்டு வரும் தம்பி, தங்கைகளுக்குச் சொல்லிக் கொடுக்க நாம் இருக்கிறோம். அவர்கள் “ஏதோ வந்துச்சி அண்ணா” என்று சொன்னால், ஃபைலைப் பென் டிரைவில் போட்டுக் கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, கடைசி அறையிலிருந்து படிக்கச் சொல்லுங்கள்.